முந்நூறு வீட்டுக் காய்ச்சல் கணக்கு

25 டிகிரி வெப்பத்தில் 15 நாள்; 30 டிகிரியில் ஆறரை நாள். டெங்கு நோயாளியைக் கடித்த ஏடிஸ் கொசு, அந்தக் கிருமியை அடுத்தவர் உடம்பில் இறக்கத் தயாராவதற்கு ஆகும் சராசரிக் காலம் இது. அதுவரை நடந்த ஆய்வகச் சோதனைகளைத் தொகுத்து மிராண்டா சான், மைக்கேல் ஜோஹான்சன் இருவரும் 2012-இல் வெளியிட்ட கணக்கு.

கொசுவின் ஆயுளோ அற்பம். நாளுக்குப் பத்தில் ஒன்று செத்துப்போவதாக வைத்துக்கொள்வோம். கிருமி ஏறிய 100 கொசுக்களில், 25 டிகிரியில் 15-ஆம் நாளைப் பார்ப்பவை 21. 30 டிகிரியில் ஆறரை நாள் தாண்டினால் போதும் என்பதால் 50 மிஞ்சும். கொசு கூடவில்லை, ஊர் மாறவில்லை, நோய் பரப்பும் படை மட்டும் ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடுகிறது. இடைப்பட்ட டிகிரிகளில் நாட்கள் ஒரே விகிதத்தில் குறைவதாகக் கொண்டால், 25-லிருந்து 26-க்கு ஏறும் அந்த ஒற்றை டிகிரியிலேயே 21 என்பது 26 ஆகிறது. அதாவது கால் பங்கு கூடுதல்.

காலநிலை மாற்றத்தால் கொசு பெருகும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பெருகலாம், பெருகாமலும் போகலாம். இருக்கிற கொசுவுக்குக் கிடைக்கும் நாட்கள்தான் இங்கே பேச வேண்டிய சங்கதி. அந்த நாட்களுக்கு ரூபாயில் என்ன விலை என்று கவரைப்பேட்டையை வைத்துப் போட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

கவரைப்பேட்டை, சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் பொன்னேரிக்கு அடுத்த நிலையம். அருகே கொல்கத்தா நெடுஞ்சாலை, பக்கத்தில் ஆரணியாறு, வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, மேற்கே தேர்வாய்கண்டிகை சிப்காட். இடையில் நெல்வயல், செங்கல் சூளை, பொறியியல் கல்லூரிகள், தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடும் வரிசை அறைகள். 2024 அக்டோபர் 11 இரவு பாக்மதி விரைவு ரயில் இங்கே சரக்கு ரயிலில் மோதியபோது ஊர்ப் பெயர் நாடெங்கும் அடிபட்டது. காய்ச்சலால் இந்த ஊர்ப் பெயர் யாருக்கும் தெரிய வந்ததில்லை. அது ஒருவர் ஒருவராக, அறை அறையாக வந்துபோகிறது.

சென்னை வட்டாரத்தின் மாதச் சராசரி வெப்பத்தைப் பாருங்கள். மே மாதம் 33-ஐ ஒட்டி. அக்டோபர் 28, 29. நவம்பர் 26, 27. டிசம்பரும் ஜனவரியும் 25-ஐச் சுற்றி. ஏடிஸ் எஜிப்தி டெங்குவைப் பரப்ப மிகவும் உகந்த வெப்பம் 29.1 டிகிரி என்று எரின் மோர்டெகாய் குழுவினர் 2017-இல் கணித்தார்கள். மே மாதம் ஏற்கெனவே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. அங்கே இன்னும் சூடேறினால் கொசுவுக்கே நட்டம். லாபம் முழுக்க நவம்பர், டிசம்பர், ஜனவரியில் இருக்கிறது. அந்த மாதங்கள்தான் கோட்டுக்குக் கீழே நின்று மேலே ஏறிக்கொண்டிருப்பவை. ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெறும் சென்னைக் கரையில் ஏறத்தாழ 60 சதவீதம் கொட்டுவதும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான். தண்ணீர் தேங்கி நிற்கும் பருவமும், வெப்பம் கொசுவுக்கு ஏதுவாகிக்கொண்டிருக்கும் பருவமும் ஒன்றாக வந்து விழுகின்றன.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பதிவுப்படி 1901-க்குப் பின் நாட்டின் மிகச் சூடான ஆண்டு 2024. அந்த ஆண்டின் சராசரி, 1991–2020 காலத்தின் சராசரியைவிட 0.65 டிகிரி கூடுதல். அதே 2024-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு வந்துசேர்ந்த டெங்கு கணக்கு 1 கோடியே 46 லட்சம், வரலாற்றிலேயே அதிகம். 2000-ஆம் ஆண்டில் இதே ஏட்டில் இருந்த எண் 5 லட்சத்துச் சொச்சம். இந்த ஏற்றம் முழுவதையும் வெப்பத்தின் தலையில் கட்டிவிட முடியாது. நகரங்கள் வீங்கியதும், விமானங்கள் பெருகியதும், பரிசோதனை கூடியதும் இதில் அடக்கம். ஆசியாவிலும் அமெரிக்கக் கண்டத்திலும் 21 நாடுகளை ஆராய்ந்து 2025-இல் வந்த ஓர் ஆய்வு, 1995 முதல் 2014 வரையிலான டெங்குவில் வெப்ப ஏற்றத்தின் பங்கு சராசரியாக 18 சதவீதம் என்கிறது. ஏற்கெனவே மிகச் சூடாக இருக்கும் இடங்களில் பங்கு குறைவு, குளிர்ந்த இடங்களில் கூடுதல் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. நமக்கு 18 என்பதை மேல் வரம்பாக வைத்துக்கொள்வது நியாயம்.

இனி மாநிலத்தின் ஏடு. தமிழ்நாட்டில் பதிவான டெங்கு:

2012: 12,826 பேர், இறப்பு 66.
2017: 23,294 பேர், இறப்பு 65.
2023: 9,121 பேர், இறப்பு 12.
2024: 27,378 பேர், இறப்பு 13.

முதல் வரியில் 194 நோயாளிகளுக்கு ஓர் இறப்பு. இரண்டாவதில் 358-க்கு ஒன்று. மூன்றாவதில் 760-க்கு ஒன்று. கடைசி வரியில் 2,106-க்கு ஒன்று. பரிசோதனை கூடியதால் நோயாளிகளின் எண்ணிக்கை பெருத்துத் தெரிகிறது என்று வாதிடலாம், உண்மைதான். ஆனால் 66 என்பது 13 ஆனதைப் பரிசோதனைக் கணக்கால் விளக்க முடியாது. அதற்குக் காரணம் காய்ச்சல் முகாம், தனியார் மருத்துவமனைகளும் தகவல் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம், எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த மணி நேரத்தில் எவ்வளவு திரவம் ஏற்றுவது என்பதில் அரசு மருத்துவர்களுக்கு வந்த கைப்பழக்கம். "கவுன்ட் குறைஞ்சிடுச்சு" என்று தட்டணுவுக்கு ஓடுவதுதான் உறவினர் வழக்கம். இரத்தக் கசிவு இல்லாதவரை தட்டணுக்கள் 10,000-க்குக் கீழே போனால்தான் ஏற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறது இந்திய நெறிமுறை. உயிரைக் காப்பது பெரும்பாலும் நேரத்தில் ஏறிய உப்புநீர்தான்.

கவரைப்பேட்டை இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்த ஏட்டில் கசப்பான ஒரு வரி உண்டு. 2016 ஆகஸ்டில் திருத்தணிப் பக்கம் காவேரிராஜபுரத்தில் 4 குழந்தைகள் காய்ச்சலில் அடுத்தடுத்து இறந்தார்கள். மர்மக் காய்ச்சல் என்றுதான் முதலில் செய்தி வந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே நடந்தது அது.

ஏட்டில் ஏறும் எண் உண்மையில் எவ்வளவு பெரிய எண்ணின் மிச்சம்? இதற்கான விடை தமிழ்நாட்டிலிருந்தே கிடைத்தது. டொனால்ட் ஷெப்பர்டும் கூட்டாளிகளும் மதுரை மாவட்டத்தில் நடத்திய நுணுக்கமான ஆய்வைக் கொண்டு, 2006 முதல் 2012 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 57,78,406 பேர் டெங்கு என்று மருத்துவரால் கண்டறியப்படும் நிலையில் இருந்தார்கள் எனக் கணித்தார்கள். அரசு ஏட்டில் இருந்ததைப்போல 282 மடங்கு. மிகை என்று தோன்றினால் சென்னையில் 2011-இல் 1,010 பேரின் இரத்தத்தைச் சோதித்த இன்னொரு ஆய்வைப் பாருங்கள்: 93 சதவீதத்தினருக்கு டெங்கு ஏற்கெனவே வந்துபோன தடயம் இருந்தது. டெங்கு வராதவர்களில் ஆண்டுக்கு 23 சதவீதம் பேர் புதிதாகத் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்பது அந்த ஆய்வின் முடிவு. பாதிப்பேருக்குமேல் காய்ச்சல் என்றே தெரியாமல் கடந்துபோகும் நோய் இது. மற்றவர்கள் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

ஷெப்பர்ட் கணக்கில் பணமும் உண்டு. நேரடி மருத்துவச் செலவு ஆண்டுக்கு 54.8 கோடி டாலர். வேலையிழப்பு முதலானவற்றையும் சேர்த்தால் 111 கோடி டாலர், தலைக்கு 0.88 டாலர். நோயாளிகளில் 67 சதவீதம் பேர் வெளிநோயாளிகள், அவர்களுக்கான செலவு 18 சதவீதம்தான். படுக்கையில் சேர்ந்த 33 சதவீதம் பேருக்கு 82 சதவீதம். வகுத்துப் பார்த்தால் வெளிநோயாளிக்குச் சுமார் 25 டாலர், படுக்கை நோயாளிக்குச் சுமார் 236 டாலர். அன்றைய டாலர் 53 ரூபாய். விலைவாசி அதற்குப் பின் ஏறக்குறைய இரட்டித்திருக்கிறது. ஆக, இன்றைய கணக்கில் ஒருவருக்கு 2,700 ரூபாய், இன்னொருவருக்கு 25,000 ரூபாய். மூன்றாம் நாளே இரத்தம் கொடுத்துப் பார்த்து, தண்ணீர் குடித்துத் தப்பியவருக்கும், ஆறாம் நாள் மயங்கி விழுந்து சேர்க்கப்பட்டவருக்கும் இடையே 9 மடங்கு. இந்தச் செலவில் 80 சதவீதம் தனியார் மருத்துவமனைகளுக்குப் போகிறது என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது.

இப்போது 300 வீட்டுக்கு வருவோம். ஏன் 300? முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள். ஆகவே எந்த வீட்டின் தண்ணீரையும் ஏழு நாளுக்கு ஒரு முறை யாராவது பார்த்தாக வேண்டும். டெங்குக் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் நாளுக்கு 50 வீடு ஏறி இறங்கினால், ஆறு நாளில் 300. நாள் கூலி 500 ரூபாய் என்று கொள்வோம். மாதத்துக்கு 13,000 ரூபாய். ஆண்டுக்கு 1,56,000. ஒரு வீட்டுக்கு வாரம் 10 ரூபாய்.

எதிர்ப்பக்கம்: வீட்டுக்கு 4 பேர் என்றால் 1,200 பேர். தலைக்கு 0.88 டாலர் வீதம் 1,056 டாலர். அன்றைய ரூபாயில் 56,000. இன்று இரட்டித்தால் 1,12,000. அதாவது ஆண்டு முழுவதும் ஆள் அனுப்பி, டெங்குவை அறவே ஒழித்தாலும்கூட, 1,56,000 செலவழித்து 1,12,000 மிச்சப்படுத்துகிறோம். 44,000 ரூபாய் நட்டம்! கொசு ஒழிப்புக்குச் செலவழித்தால் பத்து மடங்கு திரும்பும் என்று மேடையில் பேசுபவர்கள் இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

ஆனாலும் இந்த நட்டக் கணக்கை அப்படியே விட்டுவிடக் கூடாது. 0.88 டாலர் என்பது நாடு முழுவதற்குமான சராசரி. ஒரு லட்சத்துக்கும் குறைவான பேர் பதிவாகும் ஆண்டும் உண்டு, கொள்ளைநோயாகப் பரவும் ஆண்டும் உண்டு. 2020-இல் நாட்டில் பதிவு 44,585, 2023-இல் 2,89,235. இந்தியாவில் 12,300 பேரிடம் இரத்தம் எடுத்து 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி டெங்கு வந்துபோனவர்கள் நாட்டளவில் 48.7 சதவீதம், தென் மாநிலங்களில் 76.9 சதவீதம். நம் பக்கத்துத் தலைக்கணக்கு சராசரியைவிட உயர்ந்ததாகத்தான் இருக்கும். அதே ஆள் அதே நடையில் சிக்குன்குனியாவையும் மலேரியாவையும் சேர்த்தே பார்க்கிறார். 2011 சென்னை ஆய்வில் சிக்குன்குனியா தடயம் 44 சதவீதம். இறந்த குழந்தைக்கு இந்த ஏட்டில் தொகை போடவில்லை, போடவும் முடியாது. எல்லாம் சேர்ந்தால் தராசு நேராகிறது, கொள்ளைநோய் ஆண்டில் நன்றாகவே சாய்கிறது. 52 வாரமும் ஆள் வைக்காமல் ஜூலை முதல் டிசம்பர் வரை மட்டும் வைத்தால் செலவு 78,000. அப்போது டெங்கு ஒன்றை வைத்தே லாபம். அரசுகள் பருவத்துக்கு மட்டும் ஆள் எடுப்பதில் கஞ்சத்தனம் மட்டுமல்ல, கணக்கும் இருக்கிறது.

அந்தக் கணக்கைத்தான் வெப்பம் கெடுக்கிறது. பருவம் டிசம்பரோடு முடியும்வரை 78,000 போதும். ஜனவரியும் சேர்ந்தால் 91,000. பிப்ரவரியும் என்றால் 1,04,000. கொசுவுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும், 300 வீட்டுக்கு 13,000 ரூபாய். கவரைப்பேட்டையில் காலநிலை மாற்றத்துக்கு இதுதான் விலைச்சீட்டு. 18 சதவீதம் என்ற அந்த மேல் வரம்பைக் கொண்டு மறுபக்கம் பார்த்தால், 1,12,000-இல் வெப்ப ஏற்றத்தின் பங்கு 20,000 ரூபாய். அதாவது ஒன்றரை மாதக் கூலி. இரண்டு வழியில் போட்டாலும் ஒன்றுக்கொன்று பக்கத்தில்தான் நிற்கின்றன.

கூலியைப் பற்றியே பேசுகிறேனே, மருந்துச் செலவு? கிராமக் குடிநீர் அளவு நபருக்கு நாளுக்கு 55 லிட்டர். நால்வருக்கு 220 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு நீல டிரம். குழாயில் தினமும் தண்ணீர் வந்தால் சேமிக்கத் தேவையில்லை. ஒரு நாள் வராவிட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு 200 லிட்டர் டிரம் முளைக்கும். 300 வீட்டில் 300 டிரம், 60,000 லிட்டர் நின்ற தண்ணீர். குடிநீரில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தின் அளவு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். டிரம்முக்கு 200 மில்லிகிராம். 300 டிரம்முக்கும் சேர்த்து 60 கிராம் மூலமருந்து. ஒரு சதவீதக் குருணையாக வாங்கினால் 6 கிலோ. ஒருவர் பையில் அடங்கும் மருந்து. செலவெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு 300 வாசற்படி ஏறும் கால்களுக்குத்தான். ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீரில் அல்ல, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் சுவரில். ஒரு தடவைக்கு நூறு வரை. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். அதைப் பணியாளரால் செய்ய முடியாது. வீட்டுக்காரர் செய்ய வேண்டும். பணியாளர் வருவதன் பாதிப் பயன், அவர் வருவார் என்பதற்காக வீட்டுக்காரர் தேய்த்துவைப்பது.

குழாய் ஒழுங்காக வந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி தேவையில்லை என்பதைச் சொல்லாமல் போனால் கணக்கு நேர்மையாக இராது. இதே வட்டாரத்தில் 380 கோடி ரூபாயில் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் கட்டப்பட்டு 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. அது சென்னையின் குடிநீருக்காக. கரையில் இருப்பவர்களின் டிரம்கள் குறைந்தனவா என்பதே சுகாதாரத் துறை கேட்க வேண்டிய கேள்வி.

வீட்டுக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் தொழிற்பேட்டை தப்பித்துக்கொள்ளும். உருக்கு ஆலைகளுக்கு வரும் பழைய இரும்பு மலைமலையாகத் திறந்த வெளியில் கிடக்கிறது. ஒவ்வொரு வளைந்த தகடும் ஒரு கிண்ணம். லாரிப் பட்டறைகளில் பழைய டயர்கள். கட்டுமான இடங்களில் சிமென்ட் தொட்டிகள். ஏடிஸ் சில நூறு மீட்டர்தான் பறக்கும். ஆலைச் சுவருக்கு வெளியே உள்ள வரிசை அறைகளுக்கு அது போதுமான தூரம். 50 வீடு என்ற இலக்கோடு நடக்கும் பணியாளருக்கு ஆலையின் கேட் திறப்பதில்லை. 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம், கொசு உற்பத்தியாகும் இடத்தின் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்க அதிகாரம் தருகிறது. சிப்காட்டைவிடப் பல பத்தாண்டு மூத்த சட்டம். பூந்தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு அந்த நோட்டீஸ் போவதைப்போல ஆலைகளுக்கும் போக வேண்டும்.

அந்த வரிசை அறைகளில் இருப்பவர்கள் யார்? பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாமிலிருந்து வந்தவர்கள். தேசிய இரத்த ஆய்வில் கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் டெங்கு தடயம் மிகக் குறைவு. தென் மாநிலத்தாருக்குச் சிறுவயதிலேயே வந்துபோவது இவர்களுக்கு இருபத்தைந்து வயதில் இங்கே வந்தபின் முதன்முறையாக வருகிறது. டெங்குவில் வேறு வகைக் கிருமியால் இரண்டாவது முறை தாக்கப்படும்போதுதான் ஆபத்து கூடுதல். ஒருவர் இங்கே இரண்டு மழைக்காலம் வேலை பார்த்தால் அந்த நிலைக்கு வந்துவிடலாம். கொசுவலை கட்ட இடமில்லாத அறையில், இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் இவர்கள். ஏடிஸ் கடிப்பதோ பகலில்.

ஒரு தொழிலாளியின் ஏட்டைப் பிரிப்போம். மாதச் சம்பளம் 15,000, நாளுக்கு 500. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அவர் பங்கு 0.75 சதவீதம், 112 ரூபாய் 50 காசு. முதலாளி பங்கு 3.25 சதவீதம், 487 ரூபாய் 50 காசு. சிகிச்சை இலவசம். ஏழு நாள் காய்ச்சலில் படுத்தால், முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. மீதி ஐந்து நாளுக்கு 70 சதவீதம் வீதம் 1,750 ரூபாய். இழந்த கூலி 3,500-இல் பாதி திரும்புகிறது. அட்டை இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு 3,500-உம் போச்சு. தனியார் படுக்கையில் சேர நேர்ந்தால் மேலே கண்ட 25,000-உம். இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 2025–26 கூலி நாளுக்கு 336. ஏழு நாள் படுத்தால் 2,352. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை 5 லட்சம் வரை தாங்கும் என்றாலும், ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருப்பவருக்கே அது. 15,000 சம்பளக்காரரின் ஆண்டு வருமானம் 1,80,000. இ.எஸ்.ஐ. அட்டையும் இல்லாதவர் இரண்டுக்கும் நடுவே விழுகிறார்.

மற்ற நோய்களைச் சுருக்கமாகத்தான் தொட முடியும். 2022-இல் கமிலோ மோரா குழு ஆராய்ந்த 375 தொற்றுநோய்களில் 218 ஏதாவதொரு காலநிலைச் சீற்றத்தால் மோசமாகியிருந்தன. சென்னையின் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளரும் மலேரியாக் கொசு அனாபிலிஸ் ஸ்டீபன்சி, கடல் தாண்டி ஜிபூட்டியில் 2012-இல் தென்பட்டது. அந்த ஆண்டு அங்கே மலேரியா 27 பேருக்கு. 2020-இல் 73,000-க்கு மேல். நகரத் தொட்டியில் வாழப் பழகிய கொசு என்ன செய்யும் என்பதற்கு அது சாட்சி. வெள்ளத்துக்குப் பின் வரும் வயிற்றுப்போக்குக்கு எதிரான கணக்கோ மலிவானது. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்றால் 60 கிராம். 33 சதவீத பிளீச்சிங் பவுடராக 180 கிராம். வெள்ளக் காலத்தில் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும். மூட்டை திறந்து கிடந்தால் சூட்டிலும் ஈரத்திலும் குளோரின் பறந்துவிடும். அப்புறம் 180 கிராம் வெறும் வெள்ளைப் பொடி.

பெருமழை கொசுவைப் பெருக்கும் என்பதும் முழு உண்மையல்ல. புனே நகரை ஆராய்ந்து ராக்சி மேத்யூ கோல் குழு 2025-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 150 மில்லிமீட்டர் வரை மழை டெங்குவைக் கூட்டியது. அதற்கு மேல் போனால் புழுக்களை அடித்துச் சென்று குறைத்தது. சென்னையில் 2015 நவம்பரில் ஒரே மாதத்தில் 1,049 மில்லிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் பழைய புழுக்கள் போய்விடும். வடிந்த பத்து நாளில் புதிய தலைமுறை வரும். வெள்ளம் வடிந்ததும் ஆட்களை வேறு வேலைக்கு மாற்றுவது அதனால்தான் தப்பு. அதே புனே ஆய்வு, வெப்பமும் மழைப்போக்கும் மாறுவதால் டெங்கு இறப்புகள் 2040-க்குள் 13 சதவீதம் கூடக்கூடும் என்கிறது. புனேவின் எண்ணைக் கவரைப்பேட்டைக்கு ஒட்டவைக்க மாட்டேன். புனே மேட்டுநிலம், இது கடற்கரை.

மாலையில் புகை அடித்துக்கொண்டு வண்டி தெருவில் போனால் மக்களுக்குத் திருப்தி. ஏடிஸ் அந்த நேரத்தில் கட்டிலடியிலும் துணிக்கொடியிலும் உட்கார்ந்திருக்கும். புகை பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். டிரம்மில் இருப்பது மறுநாள் பறக்கும். அந்த டீசல் காசை நடையாட்களுக்குக் கொடுப்பதே மேல். நிலவேம்புக் குடிநீரைக் குடிப்பவர்கள் குடிக்கட்டும். கொசு அதைக் குடிப்பதில்லை. தடுப்பூசி வருகிறது: உள்நாட்டு டெங்கிஆல் ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் 10,335 பேரை இலக்காகக் கொண்டு தொடங்கியது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் ஓல்பாக்கியா நுண்ணுயிர் ஏற்றிய கொசுக்களை விட்டதில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையமும் அத்தகைய கொசுக்களை உருவாக்கியிருக்கிறது. இவை வந்து சேரும்வரை டிரம்மைப் பார்க்க ஆள்தான்.

அந்த ஆளுக்கு யார் காசு கொடுப்பது என்பதில்தான் முடிச்சு. 1,56,000 ரூபாய் உள்ளாட்சி ஏட்டில் செலவாக எழுதப்படுகிறது. 1,12,000 ரூபாய் இழப்பு 300 வீடுகளின் அடகுச் சீட்டிலும் கைமாற்றிலும் சிதறிக் கிடக்கிறது. அதை எந்த அலுவலகமும் கூட்டுவதில்லை. செலவைக் குறைத்த அதிகாரிக்குப் பாராட்டு உண்டு, காய்ச்சலைக் குறைத்தவருக்கு ஏட்டில் வரவே கிடையாது. ஜனவரியில் ஆளை நிறுத்தினால் 13,000 மிச்சம் என்று எழுதலாம். ஒரே ஒரு படுக்கை நோயாளி அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டியிருப்பார்.

மாவட்ட அளவில் பெருக்கிப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் திருவள்ளூர் மாவட்ட மக்கள்தொகை 37,28,104. வீட்டுக்கு நால்வர் என்றால் 9,32,000 வீடு. 300-க்கு ஒருவர் வீதம் சுமார் 3,100 பேர். கூடுதலான ஒரு மாதத்துக்கு 4 கோடி ரூபாய். நீர்த்தேக்கத்துக்கு ஆன 380 கோடியில் 95-இல் ஒரு பங்கு. சிப்காட் ஆலைகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தம் சுவரைச் சுற்றியுள்ள வரிசை அறைகளுக்கு மட்டும் ஆள் போட்டாலே இதில் கணிசமாகக் குறையும். மருத்துவ விடுப்பில் போகும் ஆட்களை எண்ணிப் பார்த்தால் அது தர்மமும் அல்ல, வியாபாரம்.

திருவள்ளூர் மாவட்டத்தின் 526 ஊராட்சிகளிலும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் வீட்டு வாசலில் நின்று கேட்கும் வழி அத்துடன் அடைபட்டது. ஆனால் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அக்டோபரில் கேட்டால் பருவம் தொடங்கியிருக்கும், நிதி முடங்கியிருக்கும். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் எழுந்து நின்று, கொசு ஒழிப்பு ஆட்களை டிசம்பர் 31-இல் அனுப்பிவிடாமல் பிப்ரவரி கடைசிவரை வைத்திருக்கத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் எத்தனை வீடு என்பதை 300-ஆல் வகுத்து, 26,000-ஆல் பெருக்கி, அந்தத் தொகையையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.